செந்நெல் நகர்த் தண்ணீர் புளியங்கரைக்குப் போன நாள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் மேடம் என்று கேட்டார்கள். சரி என்றேன். ஆனால் பம்பு, பைப்பு, குதிரைத்திறன் எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கைப்பேசிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது, மேலே இருந்து அதிகாரியும் கீழே இருந்து ஊரும் சேர்ந்து நெருக்கும்போது வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்த கதை. நடுநடுவே கொஞ்சம் தற்பெருமை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் முழுக்க ஏச்சு வாங்கியவளுக்கு அந்த உரிமை உண்டு.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் மேலப்பாளையத்துக்காரி. வாப்பா தறி நெய்தார், உம்மா பீடி சுற்றினாள். அண்ணன்மார் துபாய்க்குப் போனார்கள், நான் குடிநீர்ப் பொறியாளராகித் தாமிரபரணிக்குப் போனேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். "மேடம் ஏசினா பத்து நிமிஷம், அப்புறம் டீ வாங்கித் தருவாவ" என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். இரண்டுமே உண்மைதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடை அது. ஆற்றுக்குள் இருக்கும் ஒரே உறைகிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து இரண்டு இடங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். பெரிய குழாய் ஓர் இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று திருநெல்வேலி விளிம்பில் இருக்கும் செந்நெல் நகருக்கு. இன்னொன்று முக்கூடல் தாண்டி இருக்கும் புளியங்கரை என்ற ஊருக்கு.

செந்நெல் நகர் என்ற பெயரைப் பார்த்ததும் புரிந்திருக்கும். கார், பிசானம் என்று வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளைந்த வயல்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கம் போனால் தவளைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பிறகு வயல் பிளாட் ஆனது, பிளாட் வீடு ஆனது, வீடு மாடி ஆனது. தவளை போன இடத்தில் மோட்டார்ச் சத்தம். உங்கள் பாடப்புத்தகத்தில் மக்கள்தொகை பெருகினால் தண்ணீர்த் தேவை பெருகும் என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். நான் பார்த்தது கொஞ்சம் வேறு. எங்கள் வாப்பா காலத்தில் ஒரு வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம், ஒரு குளியலறை. இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளைக்குத் தனிக் குளியலறை. பிள்ளை குறைந்துவிட்டது, வீடும் குழாயும் கூடிவிட்டன. ஆறு மட்டும் பழைய ஆறுதான்.

புளியங்கரை இதற்கு நேர்மாறு. பாதிக்கு மேல் வீடு பூட்டிக் கிடக்கும். திருப்பூர், சென்னை, மும்பை என்று போனவர்கள் போனவர்கள்தான். இருப்பதில் பெரும்பாலும் வயதானவர்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பிள்ளைகளின் பெயர் மட்டுமில்லை, தாத்தா பெயர்கூட மனப்பாடம். அவ்வளவு கொஞ்சம் பேர்.

அந்தப் பங்குனியில் ஆற்றில் தண்ணீர் மெலிந்தது. செந்நெல் நகர்க்காரர்கள் குடத்தோடு பைபாஸில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் அந்த நகரின் நலச்சங்கத் தலைவர் பால்பாண்டி அண்ணாச்சி. சிமெண்டு, கம்பி வியாபாரம். வாட்டசாட்டமான ஆள், வெண்கலக் குரல். என்னைக் கண்டதும் அந்தக் குரல் இன்னும் ஏறியது.

"எஞ்சினியரம்மா, வரி கட்டுதோம்லா? எங்க வீட்டுப் பொம்பளையள்லாம் லாரிக்குப் பின்னால ஓடுதாவ. நீங்க ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து கணக்குப் போடுதிய!"

"கணக்குப் போட்டுத்தான் அண்ணாச்சி குடுக்க முடியும். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லியிருக்காவல்லா? ஆத்துல எடுத்தாலும் அதே சட்டந்தான்."

"சட்டம் பேசாதிய. மேக்க ஏதோ பட்டிக்காட்டுக்கு ஒரு லைன் போவுதாமே? பூட்டுன வீட்டுக்குத் தண்ணி எதுக்கு? அதை இங்கன திருப்பி விடுங்க!"

கூட்டம் கைதட்டியது. யார் சொல்லி அவருக்குத் தெரிந்ததோ, எந்த ஊர் என்றுகூட அவர் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என் மேலதிகாரியின் காதில் ஏறிவிட்டது. அவர் வடக்கு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என்னைவிட வயதில் இளையவர், நல்ல மனுஷர், நேர்மையானவர். அந்த மாதிரி ஆட்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

"மேடம், அவர் சொல்றதுல நியாயம் இருக்கு," என்றார். "ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான பேர் தவிக்கிறாங்க. இன்னொரு பக்கம் பூட்டு தொங்குது. பூட்டுக்கு எதுக்கு மேடம் தண்ணி? அந்த லைனை நிரந்தரமா மூடிட்டு ஊருக்கு வாரம் ரெண்டு தடவை லாரி அனுப்பிடலாம்."

"போன பங்குனியில லாரியை நம்பித்தான் சார் அங்க அடிதடி ஆச்சு."

"அதான் நானும் சொல்றேன். லைன் இருந்தும் அன்னிக்கு லாரி வேணும்னா அந்த லைன் எதுக்கு?"

காகிதத்தில் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. எனக்கு மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான். மனசு ஒப்பவில்லை என்று கோப்பில் எழுத முடியுமா?

அடுத்த நாள் புளியங்கரைப் பஞ்சாயத்துத் தலைவர் மாரிச்செல்வி என் அறைக்குள் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். பதினெட்டு வயதில் திருப்பூருக்குத் தையலுக்குப் போனவள், அங்கேயே கல்யாணம், பிள்ளைகள். பிறகு புருஷனையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, நாலு தையல் மிஷின் போட்டுத் தொழில் தொடங்கியவள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பம் திரும்பி வந்திருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"லைனை மூடப் போறியளாமே?"

"இன்னும் முடிவாகலை."

"மேடம், ஒண்ணு சொல்லுதேன். வேலை இல்லாம ஊரை விட்டுப் போனோம். இப்ப வேலையை நாங்களே கொண்டாந்துட்டோம். தண்ணி இல்லைன்னா எந்தப் பிள்ளை தைக்க வரும்? நானே என் மகளை வச்சுக்கிட்டு எப்படி இருப்பேன்? வந்த மூணு குடும்பமும் திரும்பப் பஸ் ஏறிரும். அப்புறம் பள்ளிக்கூடத்தை மூடுவிய. அப்புறம் பஸ்ஸை நிப்பாட்டுவிய. கடைசியில ஊரே இல்லைன்னு எழுதிருவிய. பூட்டு தானா தொங்கலை மேடம், இப்படித்தான் தொங்குச்சு."

குரல் உடையவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. "பாக்கேன் தாயி, பாக்கேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். என்னத்தைப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது.

இனிதான் கேளுங்கள். எங்கள் அதிகாரி இறுதிக் கூட்டத்துக்கு ஒரு தேதி குறித்தார். இரண்டு தரப்பையும் வைத்துப் பேசி, லைனை மூடும் முடிவை அங்கேயே அறிவிப்பதாகத் திட்டம். தேதி வெளியான அன்று மதியமே பால்பாண்டி அண்ணாச்சியிடமிருந்து போன்.

"எஞ்சினியரம்மா, உங்க ஆபீஸருக்கு மண்டை கிண்டை கொழம்பிப் போச்சா? அன்னைக்குப் பங்குனி உத்திரம்லா! எவன் வருவான் கூட்டத்துக்கு? எல்லாரும் சாஸ்தா கோயிலுக்குப் போயிருப்பாவ. எங்க நகர்ல அன்னைக்கு ஒரு ஈ காக்கா இருக்காது."

"சரி அண்ணாச்சி, தேதியை மாத்தச் சொல்லுதேன்" என்று போனை வைக்கப் போனவள், அப்படியே நின்றேன்.

"அண்ணாச்சி, இப்ப என்ன சொன்னிய? இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னத்தச் சொன்னேன்? ஈ காக்கா இருக்காதுன்னேன்."

அவர் வைத்த கையோடு வால்வு திறக்கும் முருகேசன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே வந்தான். "மேடம், உத்திரத்தன்னைக்கு லீவு வேணும். எங்களுக்குச் சாஸ்தா சாத்தான்குளத்துப் பக்கம்..." அவனுக்குப் பின்னால் கணக்கர், அவருக்குப் பின்னால் காவலாளி. எல்லாருக்கும் அன்றைக்கு லீவு. எனக்குக் கோபம் வரவேண்டிய நேரம், சிரிப்பு வந்துவிட்டது. "அன்னைக்கு ஊர்ல எவன்தாம்லே இருப்பான்?" என்று கேட்டேன். கேட்டது முருகேசனை. பதில் வந்தது என் தலைக்குள்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இந்தப் பக்கத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாஸ்தா உண்டு. தாத்தனுக்குத் தாத்தன் பிறந்த ஊரில், குளத்தங்கரையிலோ பனங்காட்டிலோ இருப்பார். வருஷம் முழுக்கத் திரும்பிப் பார்க்காதவன்கூடப் பங்குனி உத்திரத்தன்று பெண்டாட்டி பிள்ளையோடு போய்ப் பொங்கலிட்டே தீருவான். எனக்குச் சாஸ்தா கிடையாது. ஆனால் நான் மேலப்பாளையத்துக்காரி. பெருநாள் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். துபாயிலும் சென்னையிலும் இருக்கிற எங்கள் பையன்கள் பெட்டியும் பிள்ளையுமாக வந்து இறங்குவார்கள். பூட்டிய மாடி எல்லாம் திறக்கும், தெருக்குழாயில் தண்ணீர் நூலாக வரும். அந்தப் பையன்களுக்கு அன்றைக்குச் சென்னையில் வருகிற தண்ணீரை யார் குடிக்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை.

நாம் ஓர் ஆளை அவன் தூங்குகிற இடத்தில் எண்ணுகிறோம். சாமி இருக்கிற இடத்தில் அவன் வந்து நிற்கும்போது, இது எங்கிருந்து வந்த கூட்டம் என்று பதறுகிறோம். ஆள் அதே ஆள். வாய் அதே வாய். அன்றைக்குச் செந்நெல் நகர் காலி என்றால் அந்த நகருக்குப் போகிற தண்ணீரும் அன்றைக்குச் சும்மாதான் போகிறது. புளியங்கரைக் குளத்தங்கரையிலும் ஒரு சாஸ்தா உண்டு, போன பங்குனியில் அங்கே அடிதடி நடந்ததும் உத்திரத்தன்றுதான். இந்தத் தண்ணீரை அங்கே திருப்பினால் என்ன? ஒரு நாள் ஊர் தாகமில்லாமல் இருந்து காட்டினால், பூட்டுக்கா தண்ணீர் என்று அப்புறம் யார் கேட்பார்கள்?

அதிகாரியிடம் ஓடினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது நடக்கலைன்னா? செந்நெல் நகர்ல ஜனங்க இருந்து, தண்ணி வரலைன்னு திரும்பவும் ரோட்டுக்கு வந்தா?"

"வர மாட்டாங்க சார்."

"என்னால எழுத்துல உத்தரவு குடுக்க முடியாது மேடம். ரிட்டயர் ஆகப் போறீங்க. பென்ஷன் விஷயம் பாருங்க."

"எழுத்துல வேண்டாம் சார். வேண்டாம்னு சொல்லாம இருங்க, போதும். தப்பாப் போனா என் தலை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இதை நீங்கள் என்னைப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று மட்டும் மனசில் வையுங்கள். துணிந்து செய்வது வேறு, கண்ணை மூடிக்கொண்டு செய்வது வேறு. நான் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். உத்திரத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் செந்நெல் நகரில் தெருத்தெருவாக நடந்தேன். வீட்டுக்கு வீடு வேனும் காரும். டிக்கியில் வெண்கலப் பானை, வாழைக்குலை, தேங்காய்ச் சாக்கு. ஒரு அம்மா பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டே "நாங்க ஏரல் பக்கம் மேடம்" என்றாள். எதிர் வீட்டில் "களக்காடு." பக்கத்து வீட்டில் "சாத்தான்குளம் தாண்டி, உடமரக் காட்டுக்குள்ள." எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இருந்தாலும் ஊரில் தங்குகிறவர்கள் சிலர் உண்டு. வங்கியில் வேலை பார்க்கிற கேரளக் குடும்பம், கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள், நாலைந்து கிறிஸ்தவ வீடுகள். அவர்களை விடலாமா? அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட அதிக நேரம் தண்ணீர் விட்டேன். ஆட்டோவில் மைக் கட்டி, நாளைக்குத் தண்ணீர் வராது, இன்றைக்கே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள் என்று எல்லாத் தெருவிலும் சொல்லவைத்தேன். மாரிச்செல்விக்கும் போன் போட்டு, செந்நெல் நகர்த் தண்ணீரை நாளைக்கு அங்கே திருப்பி விடுகிறேன், லாரி கேட்க வேண்டாம் என்றேன். பால்பாண்டி அண்ணாச்சி வீடு பூட்டியிருக்கவில்லை, உள்ளே டிவி ஓடியது. அண்ணாச்சி காலையிலேயே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார், மச்சினன் மட்டும் காவலுக்கு இருக்கிறான் என்றார்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

உத்திரத்தன்று விடிந்ததும் வால்வு இருக்கும் இடத்துக்குப் போனேன். முருகேசனை நானே அனுப்பியிருந்தேன். "போலே, போய்ச் சாமியைக் கும்பிட்டுட்டு வா, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லியிருந்தேன். எங்கள் ஜீப் ஓட்டுநர் அந்தோணி மட்டும்தான் கூட. ஒரு முஸ்லிமும் ஒரு கிறிஸ்தவரும் சேர்ந்து சாஸ்தாவுக்குத் தண்ணீர் திறக்கப் போனோம். வால்வு இறுகிக் கிடந்தது. அந்தோணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "பிஸ்மில்லா" என்று ஒரு தள்ளு. "மாதாவே!" என்று அவர் ஒரு தள்ளு. திரும்பிவிட்டது.

புளியங்கரைக்குப் போய் இறங்கினால், இது அதே ஊர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. குளத்தங்கரை நிறைய வேன். மரத்துக்கு மரம் ஜமுக்காளம், கல் கூட்டிய அடுப்பு, புகை. மும்பைத் தமிழ் பேசுகிற பையன், செல்பி எடுக்கிற புது மருமகள், தவழுகிற பிள்ளை. பூட்டிக் கிடந்த வீடுகளின் திறந்த வாசலில் கோலம். அத்தனை பேர் கையிலும் காலிப் பானை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிற குழாய்களுக்கு முன்னால் வரிசை வளைந்து வளைந்து போயிற்று. ஊரில் வழக்கமாக இருக்கும் தண்ணீர் விடியும் முன்பே தீர்ந்துபோயிருந்தது.

மாரிச்செல்வி ஓடிவந்தாள். "மேடம், லாரி சொல்லலியே? நீங்க சொன்னியன்னுதான் நான் லாரி கேக்கலை. எல்லாரும் என்னைய ஏசுதாவ."

"வரும்."

"எப்ப மேடம்?"

"வரும்ட்டி. பைய இரு."

வெளியே அப்படிச் சொல்லிவிட்டேன். உள்ளே வேறு கணக்கு ஓடியது. இவ்வளவு தண்ணீரை அந்தப் பழைய குழாய் தாங்குமா? வழியில் எங்காவது பிளந்தால் செந்நெல் நகருக்கும் இல்லை, புளியங்கரைக்கும் இல்லை. இரண்டு கண்ணும் போனவள் ஆகிவிடுவேன். வெயில் ஏற ஏற வரிசையில் முணுமுணுப்பு ஏறியது. "போன வருசம் மாதிரித்தான்", "இந்த ஊர்ல மனுசன் இருப்பானா" என்று காதுபடப் பேசினார்கள். மாரிச்செல்வி குழாயின் திருகைத் திறந்து வைத்து, அதன் வாயில் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

திடீரென்று கையை எடுத்தாள். "காத்து வருது மேடம்!"

குழாய் செருமியது. ஒரு முறை துப்பியது, செம்மண் கலங்கலாகக் கொஞ்சம். பிறகு வந்தது பாருங்கள், தாமிரபரணி! வெள்ளை வெளேரென்று, பானை நிறைந்து கவிழ்ந்துவிடும் வேகத்தில். ஒரு பெண் குலவை போட்டாள். அடுத்தவள் தொடர்ந்தாள். குளத்தங்கரை முழுக்கக் குலவை. அந்தோணி தொப்பியைக் கழற்றி வீசினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. ஆயுசில் எத்தனையோ குழாய் திறந்திருக்கிறேன். குலவை வாங்கியது அன்றைக்குத்தான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே பழகிய வெண்கலக் குரல் ஒன்று கேட்டது.

"என்னலே சொல்லுத? தண்ணி வரலியா? ஒரு சொட்டுகூடவா?"

திரும்பிப் பார்த்தேன். பால்பாண்டி அண்ணாச்சி! மஞ்சள் வேட்டி, மேலே துண்டு, நெற்றி நிறைய விபூதி. ஒரு காதில் போன். மறுகை குழாயடியில் பெரிய வெண்கலப் பானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

"அந்த எஞ்சினியரம்மா வேலைதான்லே இது! எங்க தண்ணியை எவனுக்கோ திருப்பி விட்டுட்டா! வரட்டும், நாளைக்கு ஆபீஸ் வாசல்ல உக்காரலைன்னா என் பேரு பால்பாண்டி இல்ல!"

மாரிச்செல்வி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் பானையின் வாயைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

"அண்ணாச்சி, அந்த எவனோ நீங்கதான். பானை நெறைஞ்சு வழியுது, புடிங்க."

அண்ணாச்சி பானையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"இது... எங்க தண்ணியா?"

"உங்க தண்ணிதான் அண்ணாச்சி," என்றேன். "நீங்க இங்கன வந்துட்டிய. அதான் அதுவும் இங்கன வந்துட்டு."

"அப்ப அன்னைக்கு நான் மூடச் சொன்ன பட்டிக்காடு..."

"இதான்."

அவருடைய சம்சாரம் பக்கத்தில் அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தவள், எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தாள். "நம்ம சாஸ்தா ஊருக்கா தண்ணியை நிப்பாட்டச் சொன்னிய? நல்லா இருப்பியளா நீங்க?" அவ்வளவுதான், சிரிப்பு வெடித்தது. கடைசி ஆள் வரைக்கும் செய்தி போய், சிரிப்பு திரும்பி வந்தது. அண்ணாச்சியும் கொஞ்ச நேரம் விறைப்பாக நின்று பார்த்தார், முடியவில்லை. தொந்தி குலுங்கச் சிரித்தார். நேற்றே தெருத்தெருவாக மைக்கில் சொன்னோம், உங்கள் வீட்டைத் தவிர யாரும் கூப்பிடவில்லை என்று நான் சொன்னதும், இன்னும் கத்திக்கொண்டிருந்த போனைக் காதில் வைத்தார்.

"ஏலே, நேத்து மைக்ல சொன்னாவளாமே, தொட்டியை ஏம்லே நெறைக்கல? டிவி பாத்துக்கிட்டா இருந்த, மூதி! நம்ம தெருவுல வேற எவனும் கூப்பிடலை, நீ மட்டுந்தாம்லே கூப்பிடுத. பக்கத்து வீட்ல ரெண்டு வாளி வாங்கிக் குளி. வையி போனை!"

அன்றைக்குச் செந்நெல் நகரிலிருந்து வந்த புகார் அந்த ஒன்றுதான். அதிகாரி மதியம் போன் செய்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "குலவைச் சத்தம் போன்லயே கேக்குது மேடம்" என்றார். பொங்கல் கொண்டுவரட்டுமா சார் என்றேன். முந்திரி நிறைய இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார். அண்ணாச்சி வீட்டுப் பானையிலிருந்தே ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுபோனேன்.

ஒத்திவைத்த கூட்டம் அடுத்த வாரம் நடந்தது. அண்ணாச்சியும் மாரிச்செல்வியும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். "சார், அந்த லைன்ல மட்டும் கை வச்சிராதிய" என்று அண்ணாச்சி முதல் வார்த்தையாகச் சொன்னார். "அப்ப உங்க நகருக்கு என்ன பண்றது?" என்று அதிகாரி கேட்டார். பதில் மாரிச்செல்வியிடமிருந்து வந்தது. "ஆத்துல இன்னொரு கெணறு கேளுங்க சார். நாங்க ரெண்டு ஊரும் சேந்து கேக்கோம்." ஒரே தண்ணீருக்கு அடித்துக்கொண்ட இரண்டு ஊர் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு வந்தால், மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. கிணற்றுக்கு உத்தரவு வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குள் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். அதுவரைக்கும் கோடையில் இரண்டு ஊரும் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டன, ரோட்டில் ஒரு குடம்கூட உட்காரவில்லை.

பம்பு அறைச் சுவரில் பெரிய தினசரி நாட்காட்டி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ பக்திமான் மாட்டியது என்று நினைத்திருப்பீர்கள். மாட்டியது நான். உத்திரம், கோயில் கொடை, பெருநாள், கிறிஸ்துமஸ், பள்ளிக்கூட லீவு எல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கும். அன்றன்றைக்கு ஜனம் எந்தப் பக்கம் போகிறதோ, வால்வும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். நோன்பு மாதத்தில் மேலப்பாளையத்துக்கு, விடியும் முன் எழுந்து சாப்பிடுகிற சஹர் நேரத்தில் தண்ணீர் விடச் சொல்லி வாதாடி வாங்கியதும் நான்தான். சொந்த ஊருக்குச் சலுகை காட்டினேன் என்று ஒருத்தர் புகார் எழுதினார். ஆமாம், காட்டினேன். எல்லார் சொந்த ஊருக்கும் காட்டினேன்.

இப்போது நான் வீட்டில் இருக்கிறேன். பேரப்பிள்ளைகள் துபாயில், பெருநாளுக்கு வருவார்கள். போன மாதம் ஒரு நாள் மாரிச்செல்வி போன் செய்தாள். எடுத்ததுமே சண்டைக்குரல்.

"மேடம், தண்ணி பத்தலை!"

எனக்குப் பக்கென்றது. "ஏன்டி, என்ன ஆச்சு? எவனும் லைனை மூடிட்டானா?"

"மூடலை மேடம். அண்ணாச்சி சாஸ்தா கோயில் பக்கத்துல வீடு கட்டுதாரு, ரெண்டு குளியலறையோட. அதைப் பாத்துட்டு மும்பைக்காரவுகளும் பழைய வீட்டை இடிச்சுக் கட்டுதாவ. என் தையல்கடைக்குச் சேரன்மகாதேவியில இருந்து பிள்ளைய வருது. பள்ளிக்கூடத்துல இந்த வருசம் புதுசா ஒரு பெஞ்சு போட்டுருக்கு. காலையில எட்டு மணிக்கெல்லாம் தொட்டி காலி. என்ன செய்யப் போறிய?"

நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். அவள் "மேடம், மேடம், என்ன மேடம் சிரிக்கிய?" என்று கத்திக்கொண்டே இருந்தாள். எத்தனையோ வருஷம் தண்ணீர் பத்தவில்லை என்ற புகாரைக் கேட்டு வயிறெரிந்தவள் நான். அந்தப் புகாருக்கு ஒரு ஊர் என்னைச் சந்தோஷப்பட வைத்துவிட்டதே!

"மாரிச்செல்வி, நான் ரிட்டயர் ஆயிட்டேன்ட்டி" என்றேன். "புதுசா எஞ்சினியர் பிள்ளைய வந்திருக்காவ. அவங்க நம்பர் தாரேன். நல்லா ஏசு."

கொடுத்துவிட்டேன் பிள்ளைகளே. இன்றைக்கோ நாளைக்கோ கூப்பிடுவாள். போனை எடுங்கள்.